சங்கு மார்க்கும் ஆற்று மணலும்

தச்சநல்லூரில் ஒரு கல்யாண வீடு. வாசலில் பந்தல், குலை தள்ளிய வாழை, உள்ளேயிருந்து அப்பளம் பொரிக்கிற வாசனை. நானும் மைதீனும் மாட்டுவண்டியிலிருந்து எங்கள் பாட்டுப் பெட்டியை இறக்கிப் பந்தலின் ஓரமாக வைத்தோம். குழலைச் சுற்றியிருந்த துணியை மைதீன் பைய அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

பெண்ணின் தாய்மாமன் நமச்சிவாயம் பிள்ளை வந்தார். பெட்டியைப் பேசி அமர்த்தியவர் அவர்தான். எங்கள் புது நோட்டீசை எடுத்து மிகுந்த பெருமையோடு அவரிடம் நீட்டினேன். மஞ்சள் காகிதம். உச்சியில், அன்று காலைதான் மை காய்ந்த எங்கள் மார்க்கு.

அவர் அதைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனார். பிறகு தள்ளிப் பிடித்தார். அதுவரை முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

"ஏம்வே, தாலி கட்டுத வீட்டுக்குச் சங்கு ஊதவா வந்தீரு?"

பந்தலில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"பெட்டிய வண்டியில ஏத்தும். புள்ள கழுத்துல தாலி ஏறுத வரைக்கும் இந்தச் சவம் எங்க தெருவுலயே கெடக்கக் கூடாது."

பெட்டியை ஏற்றினோம். எங்கள் பக்கத்தில் பிணம் எடுக்கும்போது சங்கு ஊதுவார்கள். இது எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். தெரிந்தும் கல்யாணப் பெட்டிக்கு எப்படிச் சங்கை மார்க்காக வைத்தேன் என்று சொல்லத்தான் இந்த வாரப் பக்கம் முழுவதும் வேண்டியிருக்கிறது.

கொழும்பிலிருந்து வந்த பெட்டி

வருஷம் கேட்காதீர்கள். ஆற்றில் பெரிய வெள்ளம் வந்து போனதற்குப் பிறகு, ஐரோப்பாவில் சண்டை தொடங்குவதற்கு முன்னால். என் ஞாபகத்துக்கு அவ்வளவுதான் எட்டுகிறது.

போன வாரம் படிக்காதவர்களுக்காக இரண்டு வார்த்தை. மைதீன் மேலப்பாளையத்துத் தறிக்காரர் வீட்டுப் பிள்ளை. இளவயதில் கைலி விற்கக் கொழும்புக்குப் போனவர், திரும்பும்போது ஒரு கிராமபோன் பெட்டியும் ஒரு டிரங்கு நிறையப் பாட்டுத் தட்டுகளும் கொண்டுவந்தார். நான் டவுனில் ஒரு ஜவுளிக் கடையில் துணி அளந்துகொண்டிருந்தேன். நிலபுலன் இருந்த குடும்பத்துப் பிள்ளை கஜக்கோலைப் பிடித்ததே என் அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. அந்தக் கோலையும் போட்டுவிட்டுப் பாட்டுப் பெட்டி தூக்கப் போனதும் என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டார். எனக்கென்னவோ அது சௌகரியமாகத்தான் இருந்தது.

ரத வீதியை ஒட்டிய ஒரு சந்தில் கடை. ஒருவர் உட்கார்ந்தால் மற்றவர் நிற்க வேண்டும். கல்யாணம் காட்சிக்குப் பெட்டியை வாடகைக்குக் கொண்டுபோவோம். தட்டு விற்போம். அவ்வளவுதான் வியாபாரம்.

அந்தப் பெட்டியில் முதன்முதலாக நான் கேட்டது ஒரு நாகசுரம். ஊசி தட்டைத் தொட்டது. கரகரவென்று ஒரு மழை. அந்த மழைக்குள்ளிருந்து யாரோ ஒரு மனிதர் மூச்சை இழுத்துக்கொண்டு ஊதினார். நான் எழுந்துபோய்ப் பெட்டிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். நான்காவது ஃபாரம் படித்தவன், வெட்கமில்லாமல் எட்டிப் பார்த்தேன்.

சின்ன வயதில் எங்கள் ஊர்ப் பெரிய கோயிலில், தட்டினால் சுரம் சொல்லும் கல்தூண்களில் காதை வைத்துக்கொண்டு நிற்பேன். கல்லுக்குள் அந்தச் சத்தம் யாரும் தட்டாத நேரத்தில் என்ன செய்துகொண்டிருக்கும் என்று அப்போது யோசித்ததுண்டு. யாரிடமும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் தலையில் குட்டு விழுந்திருக்கும். கறுப்புத் தட்டைக் கையில் வாங்கியபோது அதே கேள்வி திரும்பி வந்துவிட்டது. இப்போது எனக்கு மீசை முளைத்திருந்தது, பதில் மட்டும் கிடைக்கவில்லை.

மயில், மான், யானை

அந்த நாளில் எந்தச் சரக்கானாலும் மார்க்குதான் பேர். ஜவுளிக் கடைக்கு வரும் பெண்கள், "மயில் மார்க்கு எடும், மான் மார்க்கு ரெண்டு தண்ணிக்கே சாயம் போயிட்டு" என்பார்கள். நெருப்புப் பெட்டியும் அப்படித்தான், மண்ணெண்ணெய் என்றால் யானை மார்க்கு. பேரை எழுத்துக்கூட்டி வாங்குகிறவர் நூற்றில் ஒருவர் இருந்தால் அதிகம்.

எங்கள் பெட்டிக்கு மார்க்கு கிடையாது. தட்டின் நடுவில் கம்பெனிக்காரன் ஒட்டியது இருக்கும், அது எல்லார் தட்டிலும் இருப்பது. ஊரில் ஒரே பெட்டி என்றிருந்தவரை அது ஒரு குறையாகவே தெரியவில்லை. பிறகு பாலத்துப் பக்கம் இன்னொருவர் ஒரு பெட்டி இறக்கினார். சேரன்மகாதேவியில் ஒரு கல்யாணத்தில் அவர் பெட்டி பாதிப் பாட்டில் ஊளையிட்டு நின்றுவிட்டது. வசவெல்லாம் எங்களுக்கு வந்து சேர்ந்தது. "உங்க பெட்டிதானய்யா மாப்பிள்ளை அழைப்புல நாய் மாதிரி அழுதது?" என்று கடை வாசலில் வந்தே கேட்டார்கள்.

மைதீன் பொதுவாகக் கோபப்படுகிறவர் இல்லை. அன்று முகம் கறுத்துவிட்டது.

"நமக்குன்னு ஒரு மார்க்கு வேணும்வே. எழுத்து தெரியாதவனும் பாத்த ஒடனே இன்னார் பெட்டின்னு சொல்லணும். பெட்டியில ஒட்டணும், நோட்டீசுல போடணும். சித்திரை விசுவுக்குப் பாபநாசத்துல கடை போடுததுக்குள்ள இது முடியணும். முடியலன்னா நான் பெட்டியத் தூக்கிக்கிட்டுக் கொழும்புக்கே போயிருதேன். அங்கன மாமு கடையில எனக்கு எடம் இருக்கு."

பெட்டி அவருடையது. அவர் போனால் அந்த நாகசுரமும் கப்பல் ஏறிவிடும். அதை நினைத்தபோது, மறுபடி கஜக்கோலைப் பிடிக்க வேண்டிவரும் என்பதுகூட எனக்குப் பெரிதாகப் படவில்லை.

வாணியும் கிளியும்

என் யோசனை சரஸ்வதி. வெள்ளைத் தாமரை, மடியில் வீணை. இதைவிடப் பொருத்தம் வேறென்ன இருக்கிறது?

மைதீன் வெகுநேரம் வெற்றிலையை மடித்துக்கொண்டே இருந்தார்.

"உம்ம சாமி எனக்குச் சாமி இல்ல. ஆனா மரியாத உண்டு. பெட்டியத் தரையில வைப்பாக, ஆளுக்காளு காலு படும். நோட்டீசுல மிச்சருக் கட்டுவாக. உமக்குச் சம்மதமாவே? எனக்குச் சம்மதமில்ல. எங்க தெருவுல சாமி படம் போட்ட பெட்டியோட நான் நடக்கவும் முடியாது, அது வேற சங்கதி."

நான் சொல்லவேண்டியதை அவர் சொல்லிவிட்டார். சரஸ்வதியை நானே எடுத்து மடித்து வைத்தேன்.

அவர் யோசனை கிளி. சொன்னதைச் சொல்லும், பார்க்கவும் அழகு. எனக்கு அது ஒப்பவில்லை. "பெட்டி சொன்னதைச் சொல்லுதா வே? ஊதுன மனுசன் மூச்சு அதுக்குள்ள இருக்கு. அதுக்குப் போயி கிளியா?" என்று கத்தினேன். கிளியும் பறந்துவிட்டது. பெட்டியின் படத்தையே போடலாம் என்றால் பாலத்துப் பக்கத்துக்காரர் அதைத்தான் போட்டிருந்தார்.

மாசி மாதம் பாபநாசத்துக்குப் பக்கத்தில் ஒரு கல்யாணம். முடிந்ததும் அருவி பார்க்கப் போனோம். பாறையில் நின்றால் காலுக்கடியில் பாறை அதிர்கிறது. தண்ணீர் விழுகிற சத்தத்தில் நெஞ்சுக்கூடு தானாக நடுங்குகிறது. மைதீன் என் காதில் வாயை வைத்துக் கத்தினார்.

"இதுக்கு என்ன மார்க்குவே வைப்பீரு?"

சாரலில் நனைந்துகொண்டு அப்படியே நின்றோம். அருவியை வரையலாம், அதன் சத்தத்தை எப்படி வரைவது? இரண்டு பேரும் ஈரத் துணியோடு வண்டி ஏறி, வீடு வந்து சேர்ந்தோம்.

சங்கு

ஒரு நாள் குழலைத் துடைத்துக்கொண்டிருந்தோம். சுருங்கி, விரிந்து, வாய் திறந்து நிற்கிற அந்தக் குழலைப் பார்த்து இரண்டு பேரும் ஒரே சமயத்தில், "சங்கு!" என்றோம்.

அவர் நினைத்தது தூத்துக்குடிக் கடலில் முங்கி எடுக்கிற சங்கு. காதில் வைத்தால் கடல் கேட்கும். நான் நினைத்தது பூசையில் வைக்கிற வலம்புரி. ஆளுக்கு ஒன்றை நினைத்துக்கொண்டு ஒன்றாகச் சந்தோஷப்பட்டோம்.

சங்கில் எல்லாம் சுழி போகிற பக்கத்தில் இருக்கிறது. வலமாகச் சுழித்தால் வலம்புரி. அது அபூர்வம், வீட்டில் இருந்தால் லட்சுமி இருக்கிறாள் என்பார்கள். மற்றதெல்லாம் இடம்புரி. இழவு வீட்டில் ஊதுவது அது. நான் மிகக் கவனமாக வலம்புரியாகவே வரைந்தேன். ஒரு வாரம் உட்கார்ந்து வரைந்தேன்.

அச்சுக் கட்டை வெட்டியவர் உதுமான், மைதீனின் அக்கா வீட்டுக்காரர். மேலப்பாளையத்தில் நெய்த துணியின் தலைப்பில் மார்க்கு குத்துவதற்கு மரக்கட்டைகள் வெட்டுவது அவர் தொழில். விசுவுக்குப் பத்து நாள் இருக்கும்போது கட்டை தயாராயிற்று. நோட்டீசு அடித்து, மை காய்ந்ததும் காயாததுமாக எடுத்துக்கொண்டு தச்சநல்லூருக்குப் புறப்பட்டோம்.

அங்கே நடந்ததைத்தான் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டேன்.

திரும்பும் வண்டியில் நோட்டீசை விரித்துப் பார்த்தேன். என் வலம்புரி, காகிதத்தில் இடம்புரியாகக் கிடந்தது. காலையில் மை வாசனையில் மயங்கி, நான் சுழியைப் பார்க்கவே இல்லை. கட்டையில் வலமாக வெட்டினால் காகிதத்தில் இடமாக விழும் என்பது பச்சைப் பிள்ளைக்கும் தெரிந்தது. நாங்கள் மூன்று பேரும் அதைக் கோட்டைவிட்டிருந்தோம்.

சனிக்கிழமைக் கப்பல்

வண்டியை நேரே மேலப்பாளையத்துக்கு விடச் சொன்னேன். உதுமான் பட்டறையில் கட்டைக்கு மேல் குனிந்திருந்தார். நோட்டீசை அவர் முன்னால் போட்டேன்.

அவர் நிதானமாகப் பார்த்தார். "எழுத்துன்னா திருப்பி வெட்டுவேன். பூவு, கொடி, மீனு இதெல்லாம் வரைஞ்ச மாதிரியே வெட்டுததுதான் பழக்கம். எந்தப் பக்கம் பாத்தாலும் மீனு மீனுதானே? சங்குல இவ்வளவு சங்கதி இருக்குன்னு நீரு ஒரு வார்த்த சொல்லலியே பிள்ளைவாள்."

அவர் சொன்னது நியாயம். எனக்குத்தான் அன்று நியாயம் காதில் ஏறவில்லை.

"குருடன் கையில உளியக் குடுத்தா இப்படித்தான்வே முடியும்!" என்றேன்.

உதுமான் மறுபடி கட்டைக்கு மேல் குனிந்துகொண்டார். பேசியது மைதீன்.

"அவுக எங்க அக்கா மாப்பிள்ளை. உமக்குச் சுழி முக்கியம்னா நீருதான் சொல்லியிருக்கணும். கல்யாண வீட்டுல அத்தன பேரு முன்னால நான் தல குனிஞ்சி நின்னேன், உம்ம ஒரு வார்த்த சொன்னேனா? போதும்வே. சனிக்கிழமை தூத்துக்குடியில கப்பல். நான் போறேன்."

இதை அவர் கத்திச் சொல்லியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். பைய, சாதாரணமாகச் சொன்னார். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. செருப்பைத் தேடிக்கொண்டு வாசலில் நின்றேன்.

அப்போது உதுமான் சொன்னார்: "போறதுக்கு முன்னால ஒரு தடவ எனக்குப் போட்டுக் காட்டு மாப்ள. ஊரெல்லாம் கேட்டாச்சு. நான் இன்னும் கேக்கல."

மணல்

அவர் இன்னும் கேட்டதில்லை என்பது எங்கள் இருவருக்கும் சுருக்கென்றது. கட்டை வெட்டச் சொன்னோம், எதற்காக என்று காட்டவே இல்லை.

மைதீன் பெட்டியை இறக்கி வந்து வேலைப் பலகை மேலேயே வைத்தார். பலகையில் உளிகளும், கட்டையைத் தேய்க்கிற நைசான ஆற்று மணல் ஒரு கொட்டாங்கச்சியில் நிறையவும், ஒரு தாயிராவும் கிடந்தன. தாயிரா என்பது ஒரு பக்கம் தோல் போர்த்திய வட்டமான கொட்டு. தர்கா கந்தூரி நாளில் உதுமான் அதைத் தட்டிப் பாடுவார். பெட்டிக்கு இடம் ஒதுக்குகிற அவசரத்தில் கொட்டாங்கச்சி சரிந்து, தாயிராவின் தோல்மேல் மணல் கொட்டிவிட்டது. குழலின் வாய் அதற்கு நேர் மேலே வந்து நின்றது. யாரும் கவனிக்கவில்லை.

மைதீன் நாகசுரத் தட்டைப் போட்டு, சாவி கொடுத்து, ஊசியை வைத்தார்.

உதுமான் உளியைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. குனிந்து பலகையைப் பார்த்தேன்.

மணல் நகர்ந்துகொண்டிருந்தது.

எறும்பு என்றுதான் முதலில் நினைத்தேன். வித்துவான் மேலே போய் ஒரு சுரத்தைப் பிடித்து நிறுத்தினார். நீளமான கார்வை. அந்த மூச்சு நின்ற நேரம் முழுவதும் தோல்மேல் கிடந்த மணல் துள்ளியது, ஓடியது, ஒதுங்கியது. ஒரு வட்டம். அதற்குள் இன்னொரு வட்டம். நடுவில் குறுக்கே கோடுகள், ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு, அளந்து போட்டதுபோல. கார்வை முடிந்து வேகமான பிருகா புறப்பட்டதும் எல்லாம் கலைந்தது.

"மைதீன்" என்றேன். பலகையைக் கையால் காட்டினேன்.

ஊசியைத் தூக்கி மறுபடி அதே இடத்தில் வைத்தார். மறுபடி அதே மூச்சு. மறுபடி அதே வட்டம், அதே கோடுகள். மூன்றாம் தடவையும் வைத்தார். சாளரத்து வெயில் சரிந்து விழுந்ததில் ஒவ்வொரு மணலும் மின்னியது.

"சுபுஹானல்லாஹ்" என்றார் உதுமான்.

நான் "சிவ சிவா" என்று சொன்னதாக மைதீன் பிற்பாடு சொன்னார். எனக்கு நினைவில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது மட்டும் நினைவிருக்கிறது. கல்தூணில் காதை வைத்துக்கொண்டு நின்றவனுக்கு யாரோ பதில் சொல்லிவிட்டார்கள். எங்கேயோ, எப்போதோ, பேர் தெரியாத ஊரில் ஒருவர் ஊதிய மூச்சு, தாமிரவருணி மணலை எடுத்துத் தன்னைத் தானே வரைந்துகொண்டது. மூன்று மாதமாக நாங்கள் கிளியும் சங்கும் தேடிக்கொண்டிருந்தோம். அது பாட்டுக்கு வந்து உட்கார்ந்துவிட்டது.

உதுமான் ஒரு கரித்துண்டை எடுத்துக்கொண்டு, "இன்னொருக்கா வை மாப்ள" என்றார். பலகையிலேயே வரையத் தொடங்கினார். ஏழெட்டுத் தடவை வைக்க வேண்டியிருந்தது. எனக்கு அது வாசல் கோலமாகத் தெரிந்தது. மைதீன், "எங்க பள்ளிவாசல் சன்னல்ல இருக்குத வேலைப்பாடு மாதிரில்லா இருக்கு" என்றார். இரண்டும் சரியாகத்தான் இருந்தது.

வரைந்து முடித்து உதுமான் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இப்பவே கேட்டுக்கிடுதேன் பிள்ளைவாள். எந்தப் பக்கம் திருப்பி வெட்டணும்?"

வலம் இடம் இரண்டையும் பார்த்தேன். எப்படித் திருப்பினாலும் அது அதுவாகவே இருந்தது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. அவர் கையை, கரி படிந்த அந்தக் கையை, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"நான் பேசுனது தப்பு. மனசுல வைக்காதேயும்."

"குருடன் வெட்டுதது கோணலா வந்தா மறுபடி வைவீரா?" என்று கேட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் என்னை விட்டுவிட்டார் என்று தெரிந்தது.

மைதீன் குழலைக் கழற்றித் துணியைச் சுற்றிக்கொண்டிருந்தார். கேட்காமலும் இருக்க முடியவில்லை, கேட்கவும் பயமாக இருந்தது.

"சனிக்கிழமைக் கப்பல்?"

அவர் நிமிரவில்லை. "ஊசி தீந்து போச்சுவே. நாளைக்கு முத வேலையா ஊசி வாங்கணும். விசுக் கூட்டத்துக்கு இது காணாது."

வாசல்

பாபநாசத்தில் விசுவன்று எங்கள் கடைமுன் கூட்டம் நெருக்கித் தள்ளியது. "இது என்ன மார்க்குவே?" என்று கேட்காதவர் இல்லை. நாங்கள் பேர் வைக்கவில்லை. ஊர்க்காரர்களே கோல மார்க்கு என்றார்கள். மேலப்பாளையத்தில் மட்டும் சன்னல் மார்க்கு.

அடுத்த தை மாதம் தச்சநல்லூரிலிருந்து ஆள் வந்தது. நமச்சிவாயம் பிள்ளை தாய்மாமனாக நின்ற அந்தப் பெண்ணின் தங்கைக்குக் கல்யாணம். கோல மார்க்குப் பெட்டிதான் வேண்டும் என்று சொல்லியனுப்பியிருந்தார். போன வருஷம் துரத்திய சங்கு நாங்கள்தான் என்று அவருக்குத் தெரியுமோ தெரியாதோ, வண்டி கட்டினோம்.

அதே தெரு, அதே பந்தல். மைதீன் பெட்டியை ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் பிடித்துக்கொண்டு நடந்தோம். வாசலுக்கு வந்ததும் மைதீன் சட்டென்று நின்றார். நான் தடுக்கி விழப் பார்த்தேன்.

வாசலை அடைத்து, அரிசி மாவில், எங்கள் மார்க்கு. நோட்டீசைப் பார்த்து அந்த வீட்டுப் பெண்கள் போட்டிருக்கிறார்கள். வட்டத்துக்குள் வட்டம், குறுக்கே கோடுகள், ஓரத்தில் செம்மண். ஒரு கோடு பிசகவில்லை.

நமச்சிவாயம் பிள்ளை உள்ளேயிருந்து செருப்பை மாட்டிக்கொண்டு வந்தார். எங்களை அடையாளம் கண்டுகொண்டார் என்பது அவர் கண்ணிலேயே தெரிந்தது. கொஞ்சம் தயங்கிவிட்டு, "வாரும், ஏன் நிக்கீரு?" என்றார்.

"எப்படி அண்ணாச்சி மிதிக்க?" என்றார் மைதீன்.

"கோலம்னா நாலு பேரு காலு படத்தான் போடுதது. சும்மா வாரும்வே."

மைதீன் தலையை ஆட்டினார்.

"உங்களுக்கு இது கோலம் அண்ணாச்சி. எனக்கு அப்படி இல்ல. ஒரு மனுசன் மூச்ச நிறுத்தி ஊதினாரு. அந்த மூச்சுதான் இப்படிக் கெடக்கு."

நமச்சிவாயம் பிள்ளை கீழே பார்த்தார். பிறகு தங்கள் வீட்டு வாசலிலேயே தன் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, மாவில் கால் படாமல் ஓரமாகவே சுற்றி எங்களிடம் வந்தார். மைதீன் பக்கத்துப் பிடியில் தானும் ஒரு கை கொடுத்தார். மூன்று பேருமாகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, சுவரை உரசியபடி, உள்ளே போனோம்.